நூற்றுப் பதினேழாவது முகம்

ஐப்பசி மாதத்து வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. மழை விட்டிருந்தாலும் மலையின் மேல்பாதியை மேகம் மூடிக்கொண்டிருந்தது. ஷேர் ஆட்டோவில் இறங்கி, தேரடித் தெருவுக்குப் பின்னால் இருக்கும் சந்துக்குள் சேற்றைத் தாண்டித் தாண்டி நடந்தேன். ரஹ்மான் ஸ்டூடியோவின் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

என் பெயர் தேவிப்ரியா. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில், இரண்டு கம்ப்யூட்டர் போட்டு ஒரு கடை வைத்திருக்கிறேன். வருமானச் சான்று, பட்டா மாற்றம் என்று மனு போட்டுக் கொடுப்பது ஒரு வேலை. லாட்ஜுகளுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் இணையதளம் செய்து தருவது இன்னொரு வேலை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதையும் பயந்துபோய் எழுதவில்லை. நடந்தது நடந்தபடி எங்காவது இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

"வாம்மா. தலையத் தொவட்டிக்கோ மொதல்ல" என்று துண்டை நீட்டினார் முன்னி பேகம். அறுபதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, முக்காட்டுக்குள் கூர்மையான இரண்டு கண்கள். எல்லாரையும் போல நானும் அவரைப் பாயம்மா என்றுதான் கூப்பிட்டேன்.

அவர் கணவர் கலீல் ரஹ்மான் போன வருஷம் இறந்துபோனார். கல்யாணம், காதுகுத்து படங்களோடு, அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இந்த ஊரில் பெயர் ஊர் தெரியாமல் யாராவது இறந்துகிடந்தால், போலீசார் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கிரிவலப் பாதையில், பஸ் ஸ்டாண்டில், கோயில் மதிலோரத்தில் எத்தனையோ பேர். எங்கிருந்தோ வந்தவர்கள், கொண்டுவந்து விடப்பட்டவர்கள். அவர் முகத்தைப் படமெடுத்து போலீசுக்குக் கொடுப்பதோடு நிற்கவில்லை. 'இவர் யார் வீட்டார்' என்று ஒரு வலைப்பூ தொடங்கி, ஒவ்வொரு முகத்தையும் எண் போட்டு ஏற்றினார். உயரம், மச்சம், சட்டை நிறம், எங்கே கிடந்தார் என்ற விவரம். உறவுக்காரர்கள் யாராவது பார்த்து, பெயர் சொன்னால், முகத்தை எடுத்துவிட்டு 'வீடு சேர்ந்தார்' என்று மட்டும் எழுதுவார். இன்னும் வீடு சேராதவர்கள் நானூறு பேருக்கு மேல் அங்கே இருந்தார்கள்.

அவர் போன பிறகு, போலீஸ் கூப்பிட்டால் பாயம்மாவே போகிறார். கையில் போனோடு, தனியாக, பிணவறைக்கு.

"இடம் ரொம்பிப் போச்சுன்னு மெயில் வந்துக்குது" என்றார். "புதுசா ஒண்ணு ஏத்த முடியல. பொணவறைல ஒரு வாலிபப் புள்ள கீது, சனிக்கிழம பொதைச்சுடுவாங்களாம். கைல 'மதிவதனி'ன்னு பச்ச குத்திக்கினு இருக்கான். யாரோ தேடிக்கினுதான் இருப்பாங்க."

"கூடுதலா இடம் வாங்கிடலாமே பாயம்மா?"

"அது எல்லாம் அவர் பேர்ல கீது. ரகசிய நம்பர் அனுப்புறோம்னு சொல்றானுங்க. அனுப்புறது அவர் செத்ததும் நிறுத்திப்போட்ட நம்பருக்கு." சிரிக்காமல் சொன்னார். "நீ குப்பைய மட்டும் எடு. மொகம் ஒண்ணையும் எடுக்காத."

"சரி."

"ஒண்ணையும்."

கம்ப்யூட்டர் உள்ளே படமெடுக்கும் அறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரில் அருவியும் படிக்கட்டும் வரைந்த பழைய திரை. அதற்கு முன்னால் குடும்பப் படத்துக்கு மூன்று பேர் நெருக்கி உட்காரும் மரப்பெஞ்சு. நாற்காலி உடைந்திருந்ததால் அந்தப் பெஞ்சை இழுத்துப் போட்டு நடுவில் உட்கார்ந்தேன்.

வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. முதலில் விளம்பரக் குப்பைக் கருத்துகள், பன்னிரண்டாயிரம். அழித்தேன். ஒரே படம் நான்கு அளவில் கிடந்தது. வேண்டாத அளவுகளை அழித்தேன். தளத்தின் பழைய முழு நகல் ஒன்று பெரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதையும் அழித்தேன். பக்கத்தைப் புதுப்பித்துப் பார்த்தேன்.

இடம்: நூறு சதவீதம்.

கணக்கு மெதுவாக மாறும் என்று காத்திருந்தேன். பிறகு பெரிய படங்களைச் சுருக்க ஆரம்பித்தேன். ஒவ்வொன்றும் சொன்ன பேச்சைக் கேட்டது. நூற்றுப் பதினேழில் வந்து நின்றது.

ஒரு வயதான அம்மாள். கண் மூடிய முகம், நெற்றியில் அழிந்த குங்குமம், காதில் தோடு இழுத்த நீண்ட ஓட்டை. 'கிரிவலப் பாதை, சிமெண்டு பெஞ்சு. உட்கார்ந்தபடியே இறந்திருக்கிறார். பச்சைச் சேலை. வயது எழுபது இருக்கலாம்' என்று பாய் எழுதியிருந்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதி. ஏனோ இவருக்கு மட்டும் பதினான்கு படங்கள், எல்லாம் முழு அளவில். சுருக்கப் போனால் பாதியில் நின்றது. மறுபடி போட்டேன். நின்றது. ஐந்து முறை.

கீழே பார்த்தேன். பார்த்தவர்கள்: பூஜ்யம்.

இணையத்தைச் சதா சுற்றிக்கொண்டிருக்கும் தேடுபொறிகள் கூட அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் தேடாத ஒருத்தி. இன்னொரு பக்கம், மறுநாளுக்கு மறுநாள் புதைக்கப்போகிற ஒருத்தன். பாயம்மா மதியத் தொழுகையான லுகர் தொழ மாடிக்குப் போயிருந்தார்.

அழித்தேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன்.

இடம் உடனே கிடைத்தது. பச்சை குத்திய பையனின் படத்தை ஏற்றினேன். ஏறிக்கொண்டது. அப்பாடா என்று சாய்ந்தேன்.

கரண்ட் போனது.

கம்ப்யூட்டருக்குக் கீழே இருந்த பேட்டரிப் பெட்டி மட்டும் கீச் கீச் என்றது. அந்த அறையில் இருட்டு என்றால் கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான். ஈரக் கம்பளி வாசனை வந்தது. அதற்குள் பினாயில் நெடி.

பெஞ்சின் பலகை என் இடது பக்கம் லேசாகத் தாழ்ந்தது.

"கொஞ்சம் தள்ளிக்கம்மா."

மிரட்டல் குரல் இல்லை. பஸ்ஸில் ஏறிய களைப்பில் ஒரு பெரியம்மா கேட்பது போல இருந்தது. பழக்கதோஷத்தில் நான் தள்ளியே உட்கார்ந்துவிட்டேன். அதற்கப்புறம்தான் அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை என்பது உறைத்தது.

கரண்ட் வந்தபோது பெஞ்சில் நான் மட்டும் இருந்தேன். கடைசி ஓரத்தில்.

பாயம்மாவிடம் "முடிஞ்சுது, ஏத்திட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அவர் என் தலையில் கை வைத்து துவா சொன்னார். அந்தக் கை பட்டதும் கூசியது. மனப்பிரமை, பசி மயக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

என் வீடு கீழ்பென்னாத்தூரில். ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கூட்டம் படி வரைக்கும் தொங்கியது. என் பக்கத்து இருக்கை மட்டும் காலி. ஒருத்தரும் உட்காரவில்லை. கூடையோடு ஒரு அக்கா வந்து நின்றாள்.

"உக்காருங்கக்கா. காலிதான்" என்றேன்.

அவள் இருக்கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பரவால்லம்மா. பெரியம்மாவால கால மடக்க முடியல போலக்குது. நல்லா நீட்டி உக்காரட்டும். நான் நின்னுக்கறேன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பயம் வந்திருந்தால் இறங்கியிருப்பேன். என் கைப்பையை எடுத்துக் காலி இருக்கையில் பொத்தென்று வைத்தேன்.

பை மெல்ல, மிக மெல்ல, என் மடிக்கு நகர்ந்து வந்தது.

நான் மறுபடி வைத்தேன்.

மறுபடி வந்தது.

அப்போது போன் அதிர்ந்தது. சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று அறிவிப்பு. நேற்றுதான் பாதிக்கு மேல் காலியாக இருந்த போன். படங்களைத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது என் தங்கை சினேகாவின் கல்யாணப் படம். மேடையில் அவள் தோளோடு தோள் ஒட்டி நான் நிற்கும் படம்.

ஒட்டி நிற்கவில்லை.

எனக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கும் அளவு இடைவெளி இருந்தது. அவள் கை என் தோளில் இல்லை. இடைவெளியைத் தாண்டி நீள முடியாமல் பாதியில் தொங்கியது. அடுத்த படத்தைத் தள்ளினேன். கல்லூரிச் சிநேகிதிகள் ஏழு பேர், நான்கு பேர் இந்தப் பக்கம், மூன்று பேர் அந்தப் பக்கம், நடுவில் வெற்றிடம். அம்மாவும் நானும் ஏரிக்கரையில். நடுவில் வெற்றிடம். எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் யாருக்கோ ஒதுங்கி நின்றார்கள்.

அன்றைக்கு வீம்புக்குத் தூங்கினேன். விடிந்து கண் விழித்தபோது, கட்டிலில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தேன். மீதிக் கட்டில் முழுக்கக் காலி. விரிப்பைத் தொட்டேன். ஈரம்.

"இன்னா வேணும் உனக்கு?" என்று சத்தமாகவே கேட்டேன். "வாயத் தொறந்து கேளு. இப்டி இடிச்சுக்கினே இருந்தா நான் ஓடிப் போயிடுவேன்னு நெனச்சியா?"

போன் அடித்தது. பாயம்மா.

"தேவி! அந்தப் பையனோட ஊட்டுக்காரங்க கெடைச்சுட்டாங்கம்மா. மதிவதனி அவன் பொண்ணாம். ஏழு வயசு. அவன் பொண்டாட்டி ஆம்பூர்லேந்து வந்துக்கினு இருக்கா. அல்லாஹ் உனக்கு நல்லது செய்யட்டும்."

போனை வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தேன். நான் செய்தது தப்பென்று யார் சொல்ல முடியும்? ஒரு குழந்தைக்கு அப்பாவின் முகம் கிடைத்திருக்கிறது. சரியென்றும் யார் சொல்ல முடியும்? அந்த ஈரம் என் உள்ளங்கையில் இன்னும் இருந்தது.

கடைக்குப் போகாமல் நேரே ஸ்டூடியோவுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து தளத்தைத் திறந்தேன்.

முதலில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். எல்லாப் படமும் ஓரமாகத் தெரிந்தது. ஒன்றைப் பெரிதாக்கினேன். தாடி வைத்த ஒரு சாமியார், இறந்து ஒன்பது வருஷம். அவர் முகம் சட்டத்தின் இடது ஓரத்துக்குப் போயிருந்தது. மூடிய கண்ணும் திறந்த வாயுமாக, காது வெட்டுப்படும் அளவுக்கு ஒதுங்கியிருந்தது. வலப்பக்கம் முழுக்க வெறும் தரை. அடுத்தவர். அவரும் ஓரத்தில். அதற்கடுத்த பெண். அவளும்.

நானூறு பேர்.

நானூறு பேரும் நகர்ந்து இடம் விட்டிருந்தார்கள்.

செத்தவர்கள் அத்தனை பேரும் தள்ளிக்கொண்டார்கள். இடமில்லை என்று சொன்னவள் நான் ஒருத்திதான்.

"பாயம்மா" என்று கூப்பிட்டேன்.

அவர் வந்து திரையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திரையில் எண்கள்மேல் விரலை ஓட்டினார். நூற்றுப் பதினாறுக்குப் பிறகு நூற்றுப் பதினெட்டு.

"ஒண்ணையும் எடுக்காதன்னு சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அது அடித்ததைவிட வலித்தது. பிறகு முன்பக்கம் போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு காக்கி உறையை எடுத்துவந்தார். போலீசுக்குப் பாய் எப்போதும் இரண்டு பிரதி போடுவாராம். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஒன்று வீட்டுக்கு. "மெஷின நம்பக்கூடாதுன்னு சொல்வாரு."

பச்சைச் சேலை அம்மாளின் ஒரே ஒரு படம் இருந்தது. அதை ஸ்கேன் செய்து ஏற்றினேன்.

இடம் போதவில்லை.

தம்மாத்தூண்டு படம். அதையும் பாதியாக்கினேன். கால் பங்காக்கினேன். தபால்தலை அளவுக்குக் கொண்டுவந்தேன். கணக்கில் இடம் இருப்பதாகவே காட்டியது. ஏற்றினால் மட்டும் இடம் போதவில்லை. சரி, என் கடைத் தளத்தில் என் சொந்த இடம் இருக்கிறது, அங்கே படத்தை வைத்து இங்கே இணைப்புக் கொடுப்போம் என்று போட்டேன். அங்கேயும் அதே பதில்.

பக்கத்தில் பலகை தாழ்ந்தது. பாயம்மா என் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். இது இடப்பக்கம்.

ஈரக் கம்பளி வாசனை.

பாயம்மாவும் முகர்ந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டுக்குள் எதையோ ஓதினார். ஆனால் ஓர் அடி கூடப் பின்னால் போகவில்லை. "இருக்கட்டும்" என்றார். "இத்தன வருசமா என் ஊட்லதான இருந்துக்கறா."

நான் தள்ளிக்கொண்டு என் இடத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. புரிந்ததும் ஆத்திரம் பொங்கியது.

என் தளத்தில் ஒரு மூலையில் என்னுடைய வலைப்பூ ஒன்று இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஆரம்பித்தது. தினமும் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் பார்த்தது, கேட்டது, சண்டை, சிரிப்பு என்று முந்நூற்று நாற்பது பதிவுகள். யாரும் படித்ததில்லை. ஆனாலும் அது என்னுடையது. இந்த உலகத்தில் யாரையும் கேட்காமல் நான் உட்கார்ந்திருந்த ஒரே இடம்.

"அதையா கேக்குற?" என்று இடப்பக்கம் திரும்பிக் கேட்டேன். அங்கே ஒன்றும் தெரியவில்லை. "நான் இன்னா பாவம் பண்ணேன்? உன்ன பெஞ்சுல உக்கார வெச்சுட்டுப் போனது நானா? தப்பு பண்ணேன், ஒத்துக்கறேன். அதுக்காக என்ன நசுக்கிக்கினே இருப்பியா?"

மூச்சு இரைப்பது கேட்டது. நடந்து களைத்தவர்களின் மூச்சு.

மிரட்டியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். அந்த மூச்சுக்குத்தான் கொடுத்தேன்.

முந்நூற்று நாற்பது பதிவுகளையும் தேர்ந்தெடுத்தேன். நிச்சயமாக அழிக்கவா என்று கேட்டது. ஆமாம். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. "இந்தா. தள்ளிக்கினேன். உக்காரு. ஆனா ஒண்ணு. இனிமே என்ன இடிக்காத. பக்கத்துல இருக்கணும்னா பக்கத்துல இரு. நான் ஓடல."

படத்தை ஏற்றினேன்.

ஏறிக்கொண்டது.

நூற்றுப் பதினேழு. பச்சைச் சேலை. திரையில் மற்ற நானூறு முகங்களும் ஒவ்வொன்றாக நடுவுக்கு வந்தன. நகரும்போது அவற்றைப் பார்க்க முடியவில்லை. கண் சிமிட்டித் திறந்தால் ஒருவர் நகர்ந்திருப்பார்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பாயம்மா மாடி ஏறினார். பத்து நிமிஷம் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்தின் கீழே இருந்த பூஜ்யம் ஒன்றானது.

உடனே ஸ்டூடியோ போன் அடித்தது.

"போட்டோ போட்டுக்கறது நீங்கதான?" ஆண் குரல், நாற்பத்தைந்து வயது இருக்கலாம். "நூத்திப் பதினேழு. அத எடுத்துடுங்க."

"நீங்க யாருங்க?"

"அது எதுக்கு? எடுங்கன்னா எடுங்க. நேத்துலேந்து எங்க ஊட்ல ஒரு போட்டோ நல்லா இல்ல. எம் பொண்ணு நிச்சயதார்த்த போட்டோல எல்லாரும் நடுவுல எடம் உட்டு நிக்கிறோம். இப்ப இந்தப் பக்கம் தானா போன்ல தொறக்குது. மூடினா மறுபடி தொறக்குது. இன்னா வெளாட்டு இது?"

என் முதுகு நிமிர்ந்தது. "அந்தம்மா உங்களுக்கு இன்னா வேணும்?"

"தெரிஞ்சவங்க. எங்க ஊர்க்காரங்க."

"பேரு?"

"பேரெல்லாம் தெரியாது. மேடம், நான் மரியாதையாப் பேசிக்கினு இருக்கேன். அடுத்த மாசம் கல்யாணம் வெச்சிருக்கேன். கேஸ் போடுவேன்."

"போடுங்க. நாங்க ஒண்ணும் சும்மா போடல. இங்க ஒரு வழக்கம் கீது. சொந்தக்காரங்க வந்து பேரச் சொன்னா அடுத்த நிமிஷம் மொகத்த எடுத்துடுவோம். நீங்க அவங்களுக்கு யாருன்னு சொல்லுங்க. எடுக்கறேன்."

"நான் யாருமில்லன்னு சொல்றேன் இல்ல!"

"அப்ப எடுக்க மாட்டேன்."

"எவ்ளோ வேணும்?"

"எடுக்க மாட்டேன்னு சொன்னேன்."

அவன் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான்.

"பக்கத்துல யாரு?"

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"இல்ல. யாரோ இருமுறாங்க."

எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் பலகை என் இடப்பக்கம் தாழ்ந்திருந்தது. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்து, பெஞ்சின் இடப்பக்கம், காலி இடத்தில் வைத்தேன். எழுந்து முன்பக்கம் போய் கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

சந்தில் ஒரு பையன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனான். பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது. உள்ளே இருந்து ஒரு சத்தமும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் நான்கு நிமிஷம் போயிற்று.

திரும்பி வந்து போனை எடுத்தேன். மழையில் நனைந்த மாதிரி சில்லென்று ஈரமாக இருந்தது. மறுமுனையில் ஒரு வளர்ந்த ஆண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான்.

"டீ எங்கடான்னு கேக்குறாங்க" என்றான். "மேடம், டீ எங்கடான்னு..."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"கோயில் பாத்துட்டு நடந்து வந்தோம். கால் வலிக்குதுன்னாங்க. இங்க குந்திக்கினு இரும்மா, டீ வாங்கியாறேன்னு சொன்னேன். சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்." மூக்கை உறிஞ்சினான். "எடம் இல்ல மேடம். ஒரே ரூமு. ரெண்டு கொழந்த. ராத்திரில யார் எழுந்தாலும் அவங்கள மிதிப்போம். என் பொண்டாட்டி தெனம் தெனம்... எடம் பத்தல மேடம், சத்தியமா."

"நீங்க யாரு?"

"மணிவேல்."

"அவங்க?"

"எங்கம்மா" என்றான். "ரேணுகாம்பாள்."

நான் அந்தப் பெயரைத் தட்டினேன். நூற்றுப் பதினேழு என்ற எண்ணுக்கு மேலே, பெரிய எழுத்தில். சொன்ன வாக்குப்படி முகத்தை எடுத்தேன். 'ரேணுகாம்பாள். வீடு சேர்ந்தார்' என்று எழுதிவிட்டு, மாடிப்படியில் இறங்கிவந்த பாயம்மாவிடம் திரையைக் காட்டினேன். அவர் கண்ணை மூடித் திறந்தார்.

பெஞ்சின் பலகை நேராக இருந்தது. என் போனில் சினேகாவின் கை மறுபடி என் தோளில் இருந்தது. நல்லபடியாக அனுப்பிவைத்துவிட்டோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தோம். உண்மையைச் சொன்னால், பஸ்ஸில் என் பக்கத்தில் ஒரு காலேஜ் பெண் சாதாரணமாக உட்கார்ந்தபோது கொஞ்சம் வெறுமையாகக் கூட இருந்தது.

வந்த அமாவாசைக்கு மணிவேல் வீட்டில் படையல் வைத்தான். பாயம்மாவிடம் கேட்டு, புதைத்த இடத்துக்குப் போய் மண் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அன்றைக்கு எனக்கு ஸ்டூடியோவில் வேலை. ஒவ்வொரு முகத்துக்கும் இன்னொரு இடத்தில் நகல் எடுத்துவைக்கச் சொல்லியிருந்தார் பாயம்மா. மத்தியானம் முன்பக்கத்துக் கண்ணாடி மேஜையில் இரண்டு பேரும் சாப்பாட்டைப் பிரித்தோம். அவர் டிபனில் கத்திரிக்காய்க் குழம்பு, என்னுடையதில் தயிர்சாதம். போன் அடித்தது.

"மேடம், மணிவேல்." குரல் தளர்ந்திருந்தது. "காலைல பத்து மணிக்கு எல போட்டேன் மேடம். அவங்களுக்குப் புடிச்சதெல்லாம் செஞ்சு வெச்சோம். வட, பாயாசம், மொச்சக்கொட்ட கொழம்பு. மூணு மணி நேரமா மொட்ட மாடில கத்துறேன். தெரு பூரா காக்கா குந்திக்கினு இருக்குது. ஒண்ணு கூட சோத்தத் தொடல. என் பொண்டாட்டி, புள்ளைங்க யாரும் இன்னும் சாப்புடல." நிறுத்தினான். "எங்கம்மா ஊட்டுக்கு வரலையா மேடம்?"

நான் பதில் சொல்ல வாய் திறந்தேன்.

பாதி தூக்கியிருந்த ஷட்டருக்குக் கீழே ஒரு காக்கை நடந்து வந்தது. பறந்து மேஜைமேல் ஏறியது. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. கையை வீசினால் தொடும் தூரம். என் டிபனில் ஒரு வாய் தயிர்சாதம் எடுத்தது. பாயம்மாவின் டிபனில் ஒரு கத்திரிக்காய்த் துண்டை எடுத்தது. அவசரமில்லாமல், பசியாற, மாறி மாறிச் சாப்பிட்டது.

நான் கையை ஓங்கினேன்.

"வெரட்டாத" என்றார் பாயம்மா மெதுவாக. "எங்க சாப்டணும்னு அவங்களுக்குத் தெரியும்."

"மேடம்?" என்றது போன். "மேடம், கேக்குதா? இன்னா பண்றது இப்போ?"

"நீங்க பசங்களுக்குச் சோறு போடுங்க" என்றேன். "அது வராது."

காக்கை அலகைக் கண்ணாடியில் இரண்டு பக்கமும் துடைத்தது. மேஜையிலிருந்து தரைக்கு இறங்கியது. வெளியே சந்துப் பக்கம் போகவில்லை. தத்தித் தத்தி, பழகிய வீட்டுக்குள் போவது போல, உள் அறையின் இருட்டுக்குள் போனது.

பாயம்மாவும் நானும் எழுந்து பின்னாலேயே போய் விளக்கைப் போட்டோம். மேஜைக்கு அடியில் பார்த்தோம். அருவித் திரையைத் தூக்கிப் பார்த்தோம். அந்த அறைக்கு நாங்கள் நின்ற ஒரு வாசலைத் தவிர வேறு வழி இல்லை.

உள்ளே காக்கை இல்லை.